கைப்பிடி இளகிய மதியம்

தடைக்காலத்தின் நாற்பத்து மூன்றாம் நாள்.
மண்டபம் வடகடல் கரையில்
விசைப்படகுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.
கித்தேரியானின் படகுக்கு அடியில்
என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடக்கிறார்,
கொட்டலசு சுரண்டிக்கொண்டு.
ஜாக்கியின் கைப்பிடி என் கையில்.

நாற்பது தடவை அழுத்தினால்
படகு ஒரு விரற்கடை ஏறும்.
என் கை போய்வந்த தூரத்தையெல்லாம் கூட்டினால்
டீக்கடை வாசல் வந்துவிடும்.
தூரத்தைக் கொடுத்துத்தான் பாரத்தை வாங்க வேண்டும்,
எண்ணெயிடம் கடன் சொல்ல முடியாது.

பதினெட்டு டன் என்கிறார்கள்.
நான் நாற்பத்தாறு கிலோ,
அதுவும் சோறு தின்ற பிறகு.
சின்னக் குழலில் ஒரு விரல் இடத்தில் நான் கொடுப்பதை
பெரிய குழலில் ஒவ்வொரு விரல் இடத்துக்கும்
அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறது எண்ணெய்.
பாசி எடுக்க வரும் ஏஜெண்டு போல
ஈரம் என்று கழிப்பதில்லை.

தென்கடலில் இரண்டு ஆள் ஆழத்தில்
பாசி பிடுங்குகிறவள் நான்.
தண்ணீர் மேலிருந்து மட்டும் அமுக்கும் என்பவர்கள்
குளத்தில்கூட முங்காதவர்கள்.
அக்குளில், உள்ளங்காலில், கண்ணாடியின் விளிம்பில்,
விரலுக்கும் விரலுக்கும் நடுவில்,
எல்லாப் பக்கமும் வந்து நிற்கும்.
ஆனாலும் வலிப்பது காது மட்டும்தான்.
சதை வலிக்காது, ரத்தம் வலிக்காது,
அவையும் ஒருவகைத் தண்ணீர்,
சுருங்கத் தெரியாதவை.
காதுக்குள் குன்றிமணி அளவு காற்று இருக்கிறது.
அது சுருங்கும்.
சுருங்குகிற இடத்தில்தான் வலி.

மூக்கைப் பிடித்து ஊதி
அதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டுத்தான்
பாறையில் கை வைப்பேன்.

முப்பது. முப்பத்தொன்று.
முப்பத்திரண்டில் கைப்பிடி இளகியது.
இவ்வளவு நேரம் கல்லாக இருந்தது
ஊறிய கடற்பஞ்சாக இறங்கியது.
படகு அசையவில்லை.
ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே காணோம்.
பக்கத்துப் படகில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.
உள்ளே எங்கோ காற்று,
என்றது கை.

"வெளிய வாங்க."
"இன்னும் ஒரு சாண்தான்."
"வாங்கன்னா."
"இரு புள்ள."
"நம்புராஜன்" என்றேன்.

பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கில்லை.
பதினோரு வருசத்தில் இது மூன்றாவது தடவை.
வந்துவிட்டார்,
முதுகெல்லாம் மணலோடு.

டீ ஆறுவதற்குள்
படகு சத்தமே இல்லாமல் நான்கு விரற்கடை இறங்கியது.
பனங்கட்டைகள் தாங்கிக்கொண்டன.
அவர் விட்டு வந்த சுரண்டியின் மரப்பிடி மட்டும்
கட்டைக்கும் பலகைக்கும் நடுவே
முறுக்கு உடைவது மாதிரி ஒரு சத்தம் போட்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கித்தேரியான் வந்து ஜாக்கியை உதைத்தார்,
பிறகு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரித்துப் பார்த்தால்
ரப்பர் வளையத்தில் மயிர் கனத்துக்கு ஒரு கீறல்.
ராமநாதபுரம் கடையில் முப்பது ரூபாய்.
பஸ்ஸுக்குப் போகவர அதைவிடக் கூட.
இத்தனை நாளும் அதன்மேல்தான்
பதினெட்டு டன்னும் நின்றிருக்கிறது,
அதன்கீழ் இவரும்.

மறுநாள் புது வளையம், புது எண்ணெய்.
திருகைத் திறந்துவைத்து வெறுமனே அடித்தேன்.
குமிழ் குமிழாய் வந்தது,
கடலடியில் நான் மூச்சு விடுவது போலவே.
கடைசிக் குமிழும் போன பிறகு
கைப்பிடி கல்லானது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.
மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினேன்.
புரியவில்லை அவருக்கு, சிரித்தார்.

இரண்டு கட்டை கூடுதலாக வைத்தேன்.
அவர் மறுபடி உள்ளே போனார்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
இந்தத் தடவை உரக்க எண்ணினேன்,
அடியில் கிடக்கிறவருக்குக் கேட்கிற மாதிரி.